சாகும் செல், சாக மறுக்கும் செல்

எல்.எஃப்.டி. என்று எழுதிக்கொடுத்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும் அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி. என்றொரு வரி இருக்கும். எதிரே ஓர் எண். நாற்பதுக்குள் இருந்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். தாண்டினால் கவலைப்படுகிறோம். அந்த எண் எதை அளக்கிறது என்று நாம் கேட்பதும் இல்லை, பெரும்பாலும் யாரும் சொல்வதும் இல்லை. கல்லீரல் செல்லுக்குள் அமினோ அமிலங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்ற உதவும் ஒரு நொதி அது. ரத்தத்தில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. செல்லின் சவ்வு நைந்து கசிந்தால், அல்லது செல் செத்து உடைந்தால், அது வெளியே வந்து ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே அந்த எண், அடிபட்ட செல்களையும் இறந்துகொண்டிருக்கும் செல்களையும் பற்றிய தகவல்.

இந்தத் தகவலை ரத்தத்தில் படிக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் முதலில் தேடியது கல்லீரலை அல்ல, இதயத்தை. 1954இல் நியூயார்க்கில் லாடியூ, ருப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ஏறுவதைக் காட்டினார்கள். இறந்த இதயத் தசையிலிருந்து வந்தது அது. அதே நொதி கல்லீரல் நோயில் அதைவிடப் பல மடங்கு ஏறுகிறது என்பது விரைவிலேயே தெரிந்தது. கல்லீரலை இன்னும் குறிப்பாகக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. எழுபது ஆண்டுகளாக உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். பயனுள்ள எண்தான். ஆனால் அதற்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. ரத்தத்தில் கலந்த எஸ்.ஜி.பி.டி. ஏறக்குறைய இரண்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் அது கடந்த சில நாட்களைப் பற்றி மட்டுமே பேசும். பத்தாண்டுகளாக நடந்து வந்த அழிவைப் பற்றிப் பேசாது. இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. செல்கள் சேதமாகின்றன என்று சொல்லும் அந்த எண், அவை எப்படிச் சாகின்றன என்று சொல்லாது. கல்லீரல் நோய் புற்றுநோயாக மாறும் கதையில் அந்த ‘எப்படி’தான் முக்கியம்.

அதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் ஜான் கெர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த நோயியல் மருத்துவர்; 1960களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காக லண்டனுக்கு வந்திருந்தார். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் சில கிளைகளை எலிகளில் கட்டிவிட்டு, ரத்தம் குறைந்த பகுதிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நடந்தது பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். செல்கள் திட்டுத் திட்டாக வீங்கி உடைந்தன, அழற்சி வந்தது. ஆனால் அது ஓய்ந்த பிறகும் அந்தப் பகுதி வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போனது. நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றைச் செல்கள் சுருங்கி, உருண்டு, சிறு துண்டுகளாகப் பிரிந்தன. பக்கத்துச் செல்கள் அந்தத் துண்டுகளை விழுங்கி ஜீரணித்தன. சுற்றிலும் அழற்சியின் சுவடே இல்லை. நோய் இல்லாத எலியின் கல்லீரலிலும் தேடினால் அப்படி ஒன்றிரண்டு செல்கள் கிடைத்தன.

1972இல் கெர், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த வைலி, கரி ஆகியோருடன் சேர்ந்து இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயரிட்டார். அந்தக் கட்டுரை பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர் இதழில் வெளிவந்தது தற்செயல் அல்ல. செல் பிரிந்து பெருகுவது ஒரு பக்கம் என்றால், ஒழுங்காகச் செத்து விலகுவது மறுபக்கம். இரண்டும் சமமாக நடந்தால்தான் ஓர் உறுப்பு தன் அளவில் நிற்கும் என்று அவர்கள் வாதிட்டார்கள். இதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களின் கல்லீரலில், சிவப்பாகச் சாயமேறும் சின்னஞ்சிறு உருண்டைகளை அமெரிக்க மருத்துவர் கவுன்சில்மன் 1890இலேயே வரைந்து வைத்திருந்தார். அவையும் இப்படி இறந்த செல்கள்தாம். எண்பது ஆண்டுகள் அந்த உருண்டைகள் மருத்துவ மாணவர்களின் கண்முன்னே இருந்தன.

இரண்டு சாவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். பழைய வீட்டை ஓடு ஓடாக, உத்தரம் உத்தரமாக இறக்கினால் பக்கத்து வீட்டுச் சுவரில் கீறல் விழாது. அதே வீடு தீப்பிடித்துச் சரிந்தால் தெருவே ஓடி வரும். முன்னது அபாப்டோசிஸ், பின்னது நெக்ரோசிஸ். நெக்ரோசிஸில் செல்லின் உள்ளிருப்பவை எல்லாம் வெளியே கொட்டும். அவற்றில் ஹெச்.எம்.ஜி.பி.1 என்ற புரதமும் உண்டு. செல்லுக்குள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக் கிடக்கும் வரை தீங்கில்லாதது அது. வெளியே வந்ததும் நோயெதிர்ப்பு செல்களுக்கு அபாய அறிவிப்பாகிவிடுகிறது.

ஒழுங்கான சாவை நடத்துபவை கேஸ்பேஸ் எனப்படும் நொதிகள். வழக்கமாக உறங்கிக் கிடப்பவை. கட்டளை வந்ததும் செல்லின் புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டத் தொடங்கும். கல்லீரல் செல்லின் உட்சட்டகம் கெரட்டின் 8, கெரட்டின் 18 என்ற இரண்டு புரதங்களால் ஆனது. கேஸ்பேஸ் கெரட்டின் 18ஐ அதன் 396ஆவது அமினோ அமிலத்தில் வெட்டும். வெட்டியதும் ஒரு புதிய முனை உண்டாகிறது. வெட்டுப்படாத கெரட்டினில் அந்த முனை இல்லை. அதை மட்டும் அடையாளம் காணும் எம்30 என்ற எதிர்ப்புரதத்தை 1990களின் இறுதியில் உருவாக்கினார்கள். முழுக் கெரட்டினையும் துண்டையும் சேர்த்து அளக்க எம்65 என்ற இன்னொரு சோதனை இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு குழாய் ரத்தத்திலிருந்து, இந்தக் கல்லீரலில் எத்தனை சாவு ஒழுங்காக நடக்கிறது, எத்தனை ஒழுங்கு மீறி நடக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். எஸ்.ஜி.பி.டி. சொல்லாததை ஒரு வெட்டு முனை சொல்கிறது.

இதே கெரட்டின்கள்தாம் மதுவால் கெட்ட கல்லீரலில் சுருண்டு திரண்டு கட்டிகளாகத் தெரிகின்றன. பாஸ்டனில் மாலரி 1911இல் விவரித்த அந்தக் கட்டிகள், ஊதிப் பெருத்த செல்களுக்குள் இருக்கும். மது தொடாதவர்களுக்கு வரும் கொழுப்புக் கல்லீரல் அழற்சியிலும் அவற்றைக் காணலாம். 2006இல் கிளீவ்லேண்டில் ஃபெல்ட்ஸ்டைனின் குழு, வெறும் கொழுப்பு மட்டும் படிந்த கல்லீரலையும் அழற்சி தொடங்கிவிட்ட கல்லீரலையும் கெரட்டின் 18 துண்டுகளைக் கொண்டு பிரித்தறிய முடியும் என்று காட்டியபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஊசி போட்டுக் கல்லீரல் துணுக்கு எடுக்கும் வேதனை நோயாளிக்கு மிச்சமாகும் அல்லவா? ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தச் சோதனை கணிசமான நோயாளிகளைத் தவறவிட்டது. ஆராய்ச்சியில் அது இன்றும் நல்ல கருவி. தனியாக அதை மட்டும் நம்பி ஒருவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, செல் செத்தால் கல்லீரல் மீண்டும் வளர்த்துக்கொள்ளுமே, இதில் என்ன ஆபத்து? ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒருமுறை வந்து போகும் காமாலையில் செல்கள் சாகும், மீதமுள்ளவை பிரிந்து இடத்தை நிரப்பும், கதை முடிந்தது. ஆனால் சாவு இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்தால் பிரிதலும் நிற்காமல் தொடர வேண்டும். ஒவ்வொரு பிரிதலிலும் டி.என்.ஏ.வில் பிழை விழ வாய்ப்பு உண்டு; அழற்சி செல்கள் உமிழும் வேதிப்பொருட்கள் அந்த வாய்ப்பைப் பெருக்குகின்றன. இதற்கிடையே, வழக்கமாக வைட்டமின் ஏயைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் ஸ்டெல்லேட் செல்கள் இந்த அமளியில் குணம் மாறி, கொலாஜன் நார்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. தழும்பு மேல் தழும்பு விழுந்து கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. இதுதான் சிர்ரோசிஸ். கல்லீரல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த மண்ணில்தான் முளைக்கின்றன.

சாவுதான் காரணம், அது வெறும் உடனிகழ்வு அல்ல என்பதை நிரூபிக்க எலிகள் தேவைப்பட்டன. கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் இருந்த ஃபிரான்சிஸ் சிசாரியும் யசுனாரி நாகமோட்டோவும் 1998இல் செய்த சோதனையை இந்தத் துறையின் மிகத் தெளிவான சோதனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். ஹெபடைடிஸ் பி வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் குடியேறிய செல்லை நம் நோயெதிர்ப்பு மண்டலம்தான் கொல்கிறது. அவர்கள் அந்த வைரஸின் புரதத்தைத் தாங்கிய எலிகளை எடுத்துக்கொண்டு, அந்தப் புரதத்தைத் தாக்கப் பழகிய நோயெதிர்ப்பு செல்களைச் செலுத்தினார்கள். தாக்குதல் ஓயவில்லை, எலிகளுக்கு நாட்பட்ட ஹெபடைடிஸ் வந்தது, பிறகு புற்றுநோயும் வந்தது. 2002இல் அடுத்த படி. கொலையாளி செல்கள் தங்கள் கட்டளையை ஃபாஸ் லைகேண்ட் என்ற புரதத்தின் வழியே தருகின்றன. அதை முடக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தபோது செல் சாவு குறைந்தது, புற்றுநோயும் தடுக்கப்பட்டது. வேறு ஆய்வகங்கள், செல்லைச் சாகவிடாமல் காக்கும் எம்.சி.எல்.1 என்ற புரதத்தை எலியின் கல்லீரலிலிருந்து நீக்கிப் பார்த்தன. வைரஸ் இல்லை, மது இல்லை, நஞ்சு இல்லை. செல்கள் தாமாகச் செத்துக்கொண்டே இருந்தன. நாளடைவில் கட்டிகள் தோன்றின.

அப்படியானால் சாவைத் தடுக்க ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால்? எம்ரிகாசன் என்ற மருந்து அதற்காகவே செய்யப்பட்டது. எல்லாக் கேஸ்பேஸ்களையும் முடக்கக்கூடியது. கொழுப்புக் கல்லீரல் அழற்சியும் தழும்பும் உள்ள 318 பேருக்கு 72 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து தன் வேலையைச் செய்தது. கேஸ்பேஸ்களின் செயல்பாடு குறைந்தது, எஸ்.ஜி.பி.டி.யும் முதலில் இறங்கியது. ரத்த அறிக்கையை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் கல்லீரல் துணுக்கை எடுத்துப் பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. அழற்சி மோசமாகாமல் தழும்பு குறைந்தவர்கள், வெற்று மாத்திரை உண்டவர்களில் 19 விழுக்காடு. மருந்து உண்டவர்களில் 11, 12 விழுக்காடு மட்டுமே. தழும்பும் செல் வீக்கமும் சிலருக்கு அதிகமாகியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அவர்கள் தரும் விளக்கம் இது: ஒழுங்கான சாவின் வாசலை அடைத்தால், நோயுற்ற செல் உயிர் பிழைத்துவிடுவதில்லை, வேறு வாசல் வழியே, இன்னும் அழற்சி தரும் விதத்தில் சாகிறது. ரத்தத்தில் ஓர் எண் இறங்குவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்த வேறு வாசல்களில் ஒன்று நெக்ராப்டோசிஸ். கட்டளைப்படிதான் நடக்கும், ஆனால் முடிவில் செல் வெடித்துவிடும். ஜெர்மனியின் டியூபிங்கனில் லார்ஸ் ஜெண்டரின் குழு 2018இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. ஒரே புற்று மரபணுக்களை எலிகளின் கல்லீரலில் செலுத்தினார்கள். சுற்றியுள்ள செல்கள் அபாப்டோசிஸில் செத்துக்கொண்டிருந்தால் கல்லீரல் செல் புற்றுநோய் வந்தது; நெக்ராப்டோசிஸில் செத்துக்கொண்டிருந்தால் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. நெக்ராப்டோசிஸைத் தடுத்ததும் முடிவு மாறியது. மாற்றமடைந்த செல் எந்த நோயாக வளரும் என்பதை, அதன் அண்டையில் சாகும் செல்களின் சாவு முறை தீர்மானிக்கிறது.

இத்தனை சாவுக்கு நடுவே புற்றுச் செல் எப்படிப் பிழைக்கிறது? சாக மறுப்பதன் மூலம். செல்லின் டி.என்.ஏ. கெட்டால், பிரிவதை நிறுத்தவோ சாகவோ அந்தச் செல்லுக்கு ஆணையிடும் புரதம் பி53. ஈரமாகக் கிடந்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, அந்தப் புரதத்துக்கான மரபணுவின் 249ஆவது இடத்தைக் குறிப்பாகக் கெடுக்கிறது. சீனாவின் சிதோங் பகுதியிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் கட்டிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்ததை 1991இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. ஷாங்காயில் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அஃப்ளாடாக்சின் மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து மூன்று மடங்கு. ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ அறுபது மடங்கு. வைரஸ் சாவையும் பிரிதலையும் ஓட வைக்கிறது. நஞ்சு, சாகச் சொல்லும் புரதத்தை ஊமையாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பிரியும் உரிமையும் செல்லுக்கு வேண்டும். கல்லீரல் புற்றுநோய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், அந்த உரிமையைத் தரும் டெலோமரேஸ் மரபணுவின் விசை திரும்பியிருக்கிறது.

இப்படி ஒரு செல் வளரத் தொடங்கியதை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா? 1963இல் மாஸ்கோவில் காரி ஆபெலெவ், கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் கருவிலிருக்கும் குட்டிக்கே உரிய ஒரு புரதத்தைக் கண்டார். மறு ஆண்டு டட்டாரினோவ் அதை மனித நோயாளியிடம் கண்டார். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி. கருவின் கல்லீரல் இதை ஏராளமாகச் செய்யும். பிறந்த பின் நிறுத்திவிடும். புற்றுச் செல் மீண்டும் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், செத்த செல்லுக்கு ஈடுகட்டப் பிரியும் நல்ல செல்லும் கொஞ்சம் ஏ.எஃப்.பி. சுரக்கிறது. அதனால் ஹெபடைடிஸ் பொங்கி எழும்போதும் எண் ஏறும். மறுபக்கம், மூன்றில் ஒரு பங்கு கட்டிகளில் எண் ஏறுவதே இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவிய ஒன்று நம் சமையலறையிலும் இருக்கிறது. புற்றுச் செல் செய்யும் ஏ.எஃப்.பி.யின் சர்க்கரைக் கிளையில் ஃப்யூகோஸ் என்ற கூடுதல் சர்க்கரை ஒட்டியிருக்கும். மைசூர் பருப்பில் உள்ள லெக்டின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிக்கொள்ளும் பங்கை மட்டும் பிரித்து அளந்தால், அது ஏ.எஃப்.பி.-எல்3. மூன்றாவது புரதம் பிவ்கா-2. ரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பினைப் புற்றுச் செல் வைட்டமின் கேயின் உதவியின்றி அரைகுறையாகச் செய்து வெளியே விடுவது அது. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஏறும் என்பதால் அதையும் விசாரித்துத்தான் படிக்க வேண்டும். இந்த மூன்று புரதங்களோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் காலட் மதிப்பெண், தனி ஏ.எஃப்.பி.யைவிடக் கூர்மையானது. ஜப்பானில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மூன்றையும் வழக்கமாகவே பார்க்கிறார்கள்.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டு நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி உண்ட வைரஸ் தாங்கிகளில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்தது என்றது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. நம் மண்ணின் மூலிகை ஜெயித்திருந்தால் எல்லோரையும்விட நமக்கே மகிழ்ச்சி. ஆயினும் கீழாநெல்லியை நம்பி வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப நிரூபணமானது வேறொன்று: வைரஸைத் தடுத்தால் புற்றுநோயும் குறையும். தைவானில் 22,707 ஆண்களைக் கவனித்த பீஸ்லி என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட கணக்கில், கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் வைரஸ் தாங்கிகள். 1984இல் அந்நாடு பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தாண்டுகளில் 6 முதல் 14 வயதுச் சிறாரிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36ஆக இறங்கியது.

ஆகவே வாசகர்கள் செய்ய வேண்டியவை உண்டு. ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளே தடுப்பூசி போடச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது சிர்ரோசிஸ் இருந்தால், எஸ்.ஜி.பி.டி. நாற்பதுக்குள் இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். சாவதற்குச் செல்களே குறைந்துபோன கல்லீரலிலும் அந்த எண் அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் எடுங்கள். ஷாங்காயில் 18,816 பேரிடம் நடந்த ஆய்வில், இதைச் செய்த குழுவில் கல்லீரல் புற்றுநோய் மரணம் 37 விழுக்காடு குறைந்தது.